நெட்டை அண்ணனின் பாதி

என் வீட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். தெரு முழுக்க அவருக்கு ரோந்து என்றுதான் பெயர். கடைக்காரர்கூட, "ரோந்து, தீப்பெட்டிய விட்டுட்டுப் போற பாரு" என்றுதான் கூவுவார். நான் ரோந்து வீட்டம்மா. ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு கோபம் வந்தால் நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன்.

அவருக்குக் காவலாளி வேலை. வீட்டிலும் அதேதான். படுக்கும் முன் அடுப்பு, ஜன்னல், பின்கதவு, தண்ணீர்க் குழாய் என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பார். நடுவில் நான் ஏதாவது பேசிவிட்டால் மறுபடியும் அடுப்பிலிருந்து ஆரம்பிப்பார். நான் புருஷனைக் கட்டினேனா, ரோந்து வண்டியைக் கட்டினேனா என்று கத்தியிருக்கிறேன். காதில் போட்டுக்கொள்ள மாட்டார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன்தான், ஆனால் பிடித்த பிடியை விட மாட்டார்.

அந்தச் சொல்லை எங்கள் தெருவில் ஆளுக்கு ஒரு விதமாகப் புழங்குவார்கள். போலீஸ் ஜீப் திரும்பினால், "ரோந்து வந்திருச்சு" என்பார்கள். அங்கே ஜீப்பும் ரோந்து, உள்ளே உட்கார்ந்திருக்கிற ஆளும் ரோந்து. எதிர்வீட்டுக்காரி சாயங்காலம் வீடு வீடாகப் போய் வம்பு அளந்தால் அவள் ரோந்து கிளம்பிவிட்டாள் என்று அர்த்தம். பூனை மதில்மேல் நடந்தால் அதுவும் ரோந்துதான். இவருக்கு இதெல்லாம் ஆகாது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே எனக்கு வகுப்பு எடுத்தார்.

"காவல்னா ஒரு இடத்துல நிக்கிறது. ரோந்துன்னா போறது. போனா மட்டும் பத்தாது. திரும்பி வரணும். வந்து, எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லணும். அதுவரைக்கும் அது முடியாத ரோந்து."

நான் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

அவர் காத்தது மூடிப்போன பாட்டில் தொழிற்சாலை. முதலாளிகள் அண்ணன் தம்பிகள். இடம் யாருக்கு என்று கோர்ட்டில் வழக்கு நடந்தது. விற்கவும் முடியாது, இடிக்கவும் முடியாது. அதனால் காவலுக்கு ஆள் போட்டிருந்தார்கள். பெரிய சதுரமான வளாகம், சுற்றிலும் மதில், முன்பக்கம் ஒரே ஒரு இரும்பு கேட். கேட்டை ஒட்டி இரண்டு அறைகள். ஒன்றில் நாங்கள், இன்னொன்றில் நெட்டை அண்ணன். நெட்டை அண்ணன்தான் இரண்டாவது காவலாளி. கல்யாணம் ஆகாதவர், நிலைப்படியில் குனிந்துதான் நுழைய வேண்டும், அவ்வளவு உயரம். சாப்பாடு எங்கள் வீட்டில்தான். என்னைத் தங்கச்சி என்பார். உடைந்த கண்ணாடிக் குவியலில் தேடி, முழுசாக ஒரு பாட்டில் கிடைத்தால் கழுவி என் ஜன்னலில் வைத்துவிட்டுப் போவார். என் வீட்டில் எண்ணெய், உப்பு, மிளகு எல்லாம் அவர் கொடுத்த பாட்டிலில்தான் இருந்தன.

ராத்திரிக் காவலுக்குக் கம்பெனியின் வண்டி வரும். பகல் இவர்கள் இருவருடையது. காலையில் ஒரு சுற்று, மதியத்துக்கு மேல் ஒரு சுற்று. ஆனால் யாரும் முழுச் சுற்றுப் போக மாட்டார்கள். கேட்டிலிருந்து வலப்பக்கமாக இவர் போவார், இடப்பக்கமாக நெட்டை அண்ணன் போவார். பின்மதில் நடுவில் ஒரு தண்டவாளத் துண்டு சங்கிலியில் தொங்கும். தொழிற்சாலை ஓடிய காலத்தில் ஷிப்டு மாற அடிக்கிற மணி அது. அங்கே சந்திப்பார்கள். இவர் கைத்தடியால் ஒரு தட்டு, அவர் ஒரு தட்டு.

"உன் பாதி?"

"நல்லா இருக்கு. உன் பாதி?"

"நல்லா இருக்கு."

அவ்வளவுதான், வந்த வழியே ஆளுக்கொரு பக்கம் திரும்பிவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் ஒருவர் பாதிக்குள் இன்னொருவர் கால் வைத்ததில்லை. வைத்தால், நீ பார்த்ததில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமாம். பொழுது விடிந்தால் ஒரே தட்டில் சாப்பிடுகிற மாதிரிப் பழகுகிறவர்கள், இதில் மட்டும் இப்படி ஒரு வீம்பு.

சுற்றுப் போனதற்கு அடையாளமாக மதிலில் அங்கங்கே கொக்கியில் இரும்புத் தகடு தொங்கும். ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் வெள்ளை. காலைச் சுற்றில் சிவப்பைத் திருப்பி வைக்க வேண்டும், மதியச் சுற்றில் வெள்ளையை. சூப்பர்வைசர் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கூட்டரில் வந்து சுற்றிப் பார்ப்பார். நெட்டை அண்ணன் தன் பாதியில் கொக்கிகளைத் தன் கை எட்டுகிற உயரத்துக்கு அடித்து வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் எம்பிக் குதித்தாலும் தகட்டின் அடியைக்கூடத் தொட முடியாது.

ஒரு மதியம் இவர் தண்டவாளத்தில் தட்டினார். பதில் வரவில்லை. மறுபடி தட்டினார். அந்தப் பக்கம் பூராவும் கண்ணாடிச் சில்லுக் குவியல்கள், யார் நடந்தாலும் சரக் சரக்கென்று கேட்கும். குவியலுக்குப் பின்னால் ஒருதரம் சரக்கென்று கேட்டதாம், அப்புறம் ஒன்றுமில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? வந்த வழியே திரும்பி, தன் பாதி முழுவதையும் நடந்து, கேட்டுக்கு வந்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் போய்த் தேடினார். நெட்டை அண்ணன் கடைசித் தகட்டுக்குக் கீழே நெஞ்சைப் பிடித்தபடி கிடந்தார். தண்டவாளத்திலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், இவர் முகத்தைப் பார்த்ததும் மீதியைச் சொல்லவில்லை.

எனக்கு வந்த கோபத்தில், "நேரா போயிருக்க வேண்டியதுதானேங்க" என்று கேட்டுவிட்டேன்.

"அது அவன் பாதி" என்றார்.

அந்த வாரம் முழுக்க அவர் சாப்பிட்ட தட்டை எடுக்கும்போதெல்லாம் சோறு அப்படியே இருந்தது.

காரியம் முடிந்த பிறகு சூப்பர்வைசர் வந்தார். வயதில் சின்னவர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ரோந்தைப் பேட்ரோல், பேட்ரோல் என்று அவர் மட்டும்தான் இங்கிலீஷில் சொல்வார். இனிமேல் ஒரே ஆள்தான், முழுச் சுற்றும் இவரே போக வேண்டும் என்றார். தகடு திரும்பாமல் கிடந்தால் வேலையை வேறு ஏஜென்சிக்குக் கொடுத்துவிடுவார்கள், அறையையும் காலி பண்ண வேண்டும் என்பதையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எங்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. மகள் வீடு இருக்கிறது, ஒற்றை அறை. அங்கே போய் நின்றால் சம்பந்தியம்மாள் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒருவாய்கூட இறங்காது.

மறுநாள் காலை இவர் கிளம்பினார், வலப்பக்கம். வலப்பக்கமே திரும்பி வந்தார். முழுச் சுற்றுப் போகவில்லையா என்று கேட்டேன். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"தட்டினேன். பதில் வந்துச்சு. அவன் பாத்துக்கிட்டுத்தானே இருக்கான், நான் எதுக்கு உள்ள போகணும்?"

அழுது பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். அறை போனால் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும் என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். மதியம் கிளம்பினார், தண்டவாளம்வரை போனார், அங்கிருந்து திரும்பிவிட்டார்.

சரி, நமக்கு நாமே துணை என்று துணி காயப்போடுகிற கம்பை எடுத்துக்கொண்டேன். நுனியில் வளைந்த கம்பி கட்டியிருக்கும். அவர் வலப்பக்கம் மறைந்ததும் நான் இடப்பக்கம் நடந்தேன். பட்டப்பகல், வெயில் சுள்ளென்று அடிக்கிறது, ஆனாலும் அந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை. இருபுறமும் பச்சையும் பழுப்புமாக ஆள் உயரத்துக்கு உடைந்த கண்ணாடி. ஒவ்வொரு சில்லிலும் வெயில் மின்னி, கூடவே ஏதோ நகர்கிற மாதிரி இருக்கும். நின்றால் அதுவும் நிற்கும். காக்கை, குருவி ஒன்றையும் காணோம். நான் ஒரு அடி வைத்தால் அந்தச் சத்தம் மதிலில் மோதித் திரும்பி, எனக்கு முன்னால் யாரோ ஒரு அடி வைத்த மாதிரிக் கேட்கும். கம்பை உயர்த்தி ஒவ்வொரு தகடாகத் திருப்பிக்கொண்டே போனேன். கடைசித் தகட்டுக்குக் கீழே மண்ணைப் பார்க்காமல் திருப்பினேன். குவியலைத் தாண்டினால் தண்டவாளம், இவர் வந்துவிடுவார். அப்படியே திரும்பிவிட்டேன்.

திரும்பும்போது தண்டவாளத்தில் ஒரு தட்டுக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. இவரே இரண்டையும் தட்டிக்கொள்கிறார், பாவம் என்று நினைத்தேன். ஆனால் என்னை அறியாமல் என் நடை ஓட்டமாக மாறியிருந்தது.

இப்படியே நாட்கள் ஓடின. சூப்பர்வைசர் இரண்டு மூன்று தடவை வந்து பார்த்துவிட்டு, இரண்டு ஆள் வேலையைப் பெரியவர் ஒருத்தரே பார்க்கிறார் என்று மெச்சினார். அறைக்கு வந்த ஆபத்து விலகியது. அன்றைக்கு இவர் முகத்தில் ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு தெளிவைப் பார்த்தேன்.

"பாத்தியா? அவன் தகட்டையும் விடாம திருப்புறான்" என்றார்.

என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. வீட்டைக் காப்பாற்றப் போய், செத்தவர் சுற்றி வருகிறார் என்று இவருக்கு நானே சாட்சி தயார் பண்ணிக் கொடுத்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் மனுஷன் கூனிக் குறுகிப்போவார். சொல்லாவிட்டால் இப்படியே தண்டவாளத்தோடு பேசிப் பேசி ஒருநாள் முழுதாக அந்தப் பக்கமே போய்விடுவார். அறை ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம், எதை விடுவது? அன்று முழுக்க எனக்குக் கை வேலை ஓடவில்லை.

அப்புறம் ஒரு காலைச் சுற்றில் செருப்பைக் கிழித்துக்கொண்டு ஒரு சில்லு என் பாதத்தில் இறங்கியது. தகடு எல்லாவற்றையும் சிவப்புக்குத் திருப்பி முடித்திருந்தேன், நொண்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். இவரிடம் அருவாமனை பட்டுவிட்டது என்று பொய் சொன்னேன். துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு, வீட்டில் இருந்த ஒரே முக்காலியை இழுத்து என் காலை அதன்மேல் தூக்கி வைத்தார். அசையாதே என்று சொல்லிவிட்டு மதியச் சுற்றுக்குக் கிளம்பினார். என் கம்பு அடுப்பங்கரை மூலையில் சாய்ந்திருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்று பார்த்தேன், ரத்தம் துணியை நனைத்தது, மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

இவர் திரும்பி வந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போது ஸ்கூட்டர் சத்தம். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். சாமான்களை எதில் கட்டுவது என்றுகூட மனசு கணக்குப் போட்டது. சூப்பர்வைசர் சுற்றிவிட்டு வந்து ஜன்னல் ஓரமாக வண்டியை நிறுத்தினார்.

"அக்கா, கால்ல என்ன? பெரியவர் ஒரு தகடு விடாம வெள்ளைக்குத் திருப்பியிருக்கார். நல்ல பேட்ரோல்" என்றார். அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

கம்பு மூலையில் இருந்தது. முக்காலி என் காலுக்குக் கீழே இருந்தது.

எப்படியோ ஏறித் திருப்பிவிட்டார், பிடிவாதத்தை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார் என்று ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷம் பொங்கியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அந்தப் பாதிக்கு நீங்க போனீங்களா? சொல்லுங்க, போனீங்கதானே?"

"நானா? இல்லையே" என்றார். டீ தம்ளரைக் கீழே வைத்தார். எதையோ சொல்லலாமா என்று யோசிப்பவர்போல என் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். "ஒண்ணு சொல்றேன், பயப்படாதே. இத்தன நாளா அவன் வரும்போது ரெண்டு காலடி கேக்கும். முன்னாடி நீளமா அவன் அடி. பின்னாடியே சின்னதா ஒரு அடி. அது குவியலோட நின்னுடும். இன்னிக்கு மதியம் அவன் மட்டும்தான் வந்தான்."

அந்தச் சின்ன அடி நான்தான். இத்தனை நாளும் நான் தனியாக நடக்கவில்லை. எனக்கு முன்னால் கேட்ட அடி மதிலில் மோதித் திரும்பியது இல்லை.

அழுதேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன், கம்பு, தகடு, செருப்பு எல்லாம். அவர் கோபப்படவில்லை. தெரியும் என்றார். உன் நடை எனக்குத் தெரியாதா, நீ அவனுக்குத் துணையாகப் போகிறாய் என்று நினைத்தேன் என்றார். அதைக் கேட்டபோது அந்த மனுஷனைத் திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. ஏன் அவர் இன்னும் சுற்றி வருகிறார் என்று கேட்டேன்.

"அவன் ரோந்து முடியல" என்றார். "போனான், திரும்பி வரல. கேட்டுக்கு வந்து சொல்லல. நான் பாதியிலேயே விட்டுட்டேன்."

மறுநாள் காலை கம்பை ஊன்றிக்கொண்டு நானும் அவரோடு கிளம்பினேன். வலப்பக்கம், அவர் பாதியில். நான் அதற்குள் போனது அதுதான் முதல்தடவை. உலைக்கூடம், மூடிய ஷெட்டுகள், துருப்பிடித்த தள்ளுவண்டிகள், எல்லாவற்றையும் காட்டிக்கொண்டே வந்தார். தண்டவாளத்துக்கு முன்னால் நின்றோம். காற்று இல்லை. ஒரு தட்டுத் தட்டினார், சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார். கைத்தடியைத் தரையில் ஊன்றி இரண்டு கையையும் அதன்மேல் வைத்திருந்தார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். பதில் வந்தது.

அவர் உதடு துடித்தது. "அன்னிக்கே வந்திருக்கணும்டா" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டினார்.

குவியலைச் சுற்றி வந்ததும் எங்களுக்கு முன்னால் கண்ணாடி நொறுங்கியது. நீளமான அடிகள், அவசரம் இல்லாத அடிகள். ஆளைக் காணோம். வெயில் மட்டும் சில்லுகளில் துள்ளிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தகடும் நாங்கள் போய்ச் சேரும்போது சிவப்பாகத் திரும்பி, லேசாக ஆடிக்கொண்டிருந்தது. நான் கம்பை உயர்த்தவே இல்லை. அண்ணன் கிடந்த தகட்டின் கீழே அவர் ஒரு கணம் நின்றார், நானும் நின்றேன், முன்னால் போன அடியும் எங்களுக்காக நின்றது. பிறகு நடந்தோம். என் கால் வலியை அப்போது நான் உணரவில்லை.

கேட்டுக்கு முன்னால் கண்ணாடி கிடையாது, வெறும் மண். அங்கே வந்ததும் சத்தம் நின்றுவிட்டது. இவர் நேராக நின்று, ஆபீசர் முன்னால் நிற்பதுபோலச் சொன்னார்:

"உன் பாதி நல்லா இருக்கு. நான் பாத்துட்டேன். ரோந்து முடிஞ்சிருச்சு."

தொழிற்சாலை மூடியதிலிருந்து முழுதாகத் திறக்காத கேட்டை இருவருமாகச் சேர்ந்து தள்ளினோம். கீச்சென்று கத்திக்கொண்டு திறந்தது. தெருவில் யாரும் இல்லை. பழக்கதோஷம், இவர் வாயில் அதுதான் வந்தது.

"போயிட்டு..."

அடுத்த சொல் வருவதற்குள் நான் அவர் கையை அழுத்தினேன். வீட்டை விட்டுக் கிளம்புகிற யாரையும் நாம் போ என்று சொல்லி அனுப்பியதில்லை. எதிரியைக்கூட வா என்று சேர்த்துத்தான் சொல்வோம், ஆனால் இன்றைக்கு அந்த வா வரக் கூடாது. அவர் என்னைப் பார்த்தார், கண் இரண்டும் நிறைந்திருந்தது.

"போ" என்றார்.

வா என்று சொல்லவில்லை. கேட்டை மூடிவிட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, அண்ணன் செத்த அன்றைக்குக்கூட அழாத மனுஷன், சின்னப்பிள்ளைபோல் அழுதார். நான் தலையைத் தடவிக்கொண்டு நின்றேன்.

அன்று மதியம் இடப்பக்கத் தகடுகள் சிவப்பாகவே கிடந்தன. கம்பை அவரிடம் கொடுத்தேன். எம்பி எம்பி வெள்ளைக்குத் திருப்பினார், இரண்டு தகடு கீழே விழுந்தது. கொக்கிகளை இறக்கி அடித்துவிடலாமே என்றேன். வேண்டாம், அவன் உயரம் அப்படியே இருக்கட்டும் என்றார்.

கால் ஆறியதும் அந்தப் பக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டார். இப்போது எனக்கு முன்னால் எந்த அடியும் கேட்பதில்லை. சில நாள் பழக்கத்தில் நின்று கேட்டுப் பார்ப்பேன், ஒன்றும் இருக்காது, அதுவும் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. குவியலைத் தாண்டினால் இவர் நின்றுகொண்டிருப்பார். ஒரு தட்டுத் தட்டுவார். நான் என் கம்பால் ஒரு தட்டு.

"உன் பாதி?" என்பார்.

"நல்லா இருக்குங்க" என்பேன்.

பிறகு இருவரும் சேர்ந்தே கேட்டுக்குத் திரும்பிவிடுவோம்.